பானிபட்டில் ஒரு ஈட்டியும் என் மகனின் முழங்கையும்

2021 ஆகஸ்ட் 7 அன்று மாலை நாங்கள் ஹரியானாவின் பானிபட்டில் இருந்தோம். சொந்த ஊர் கரூர்ப் பக்கம். என் வீட்டுக்காரருக்கு ஜவுளி நிறுவனம் ஒன்றில் நூல் வாங்கும் வேலை. பழைய துணியைப் பிரித்து மறுபடி நூலாக்கும் மில்கள் பானிபட்டில் நிறைய இருப்பதால் 2019இல் குடும்பத்தோடு அங்கே போய்விட்டோம். மாதத்தில் பாதி நாள் அவர் பயணத்தில் இருப்பார். வீட்டில் நானும் மகனும்தான். அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதல் இறுதிப் போட்டி. நீரஜ் சோப்ரா தன் இரண்டாவது எறிதலில் 87.58 மீட்டர் எறிந்தார். ஈட்டி இன்னும் காற்றில் இருக்கும்போதே திரும்பி நின்று இரண்டு கைகளையும் தூக்கினாரே, அதைப் பார்த்த என் மகனும் அப்படியே கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றான். அவனுக்கு அப்போது 11 வயது. கொஞ்ச நேரத்தில் தெருவெல்லாம் மேளச் சத்தம், பக்கத்து வீட்டிலிருந்து லட்டு. நீரஜின் ஊரான கண்ட்ரா பானிபட்டிலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர்தான் இருக்கும். எங்கள் சொந்த ஊர்ப் பையன் ஜெயித்ததுபோலத்தான் நானும் அழுதேன்.

அந்த மாலையில் தொடங்கியது நான்கு வருடம் இழுத்தது. பணம் 2,24,200 ரூபாய். அதைவிடப் பெரிது, மகனின் வலது கை பத்து மாதம் எறிய முடியாமல் கிடந்தது. முன்னாடியே யாராவது ஒருவர் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி நடந்திருக்காது. பிள்ளையை ஈட்டி எறிய அனுப்பப் போகிற பெற்றோர் யாராவது படிப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் நான் எதைத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன். டிவியில் திரும்பத் திரும்ப "விவசாயி மகன், விவசாயி மகன்" என்றார்கள். நானும் விவசாயி மகள்தான். குளித்தலைப் பக்கம் எங்கள் அப்பாவுக்கு வாழைத் தோட்டம். அதனால் அந்த வார்த்தை நேராக நெஞ்சில் இறங்கியது. வயலில் உழைத்த உடம்பு, பிடிவாதம், காலையில் எழுந்து பயிற்சி. இவ்வளவுதான் வேண்டும், மீதி தானாக நடக்கும் என்று நம்பினேன். நடந்தது அப்படி இல்லை. நீரஜின் அப்பா சதீஷ் குமாரும் அவர் தம்பிகளும் ஒரே கூட்டுக் குடும்பம். பையன் பன்னிரண்டு, பதிமூன்று வயதில் குண்டாக இருந்தான், எடை எண்பது கிலோவை ஒட்டி. இளைக்கட்டும் என்று உடற்பயிற்சிக்கு அனுப்பினார்கள். பானிபட் சிவாஜி ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போனவர் ஒரு சித்தப்பா. படிப்பு, பணம், வெளியாட்களிடம் பேசுவது இதையெல்லாம் பார்த்துக்கொண்டவர் இன்னொரு சித்தப்பா, பீம் சோப்ரா. ஸ்டேடியத்தில் ஜெய்வீர் சௌத்ரி என்கிற சீனியர் ஈட்டி எறிந்துகொண்டிருந்தார். பையன் சும்மா எடுத்து எறிந்த தூரத்தைப் பார்த்துவிட்டு அவர்தான் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அப்பா வயலைப் பார்த்துக்கொண்டதால் சித்தப்பாக்களால் ஊர் சுற்ற முடிந்தது, வீட்டில் பெண்கள் பாலும் நெய்யும் சமைத்துப் போட்டதால் பையனால் எறிய முடிந்தது. ஒரு பையனுக்குப் பின்னால் நாலைந்து பெரியவர்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் எல்லா வேலைக்கும் நான் ஒருத்திதான், அதுவும் அரைகுறை இந்தியோடு.

அதனால் முதல் யோசனை ஈட்டி வாங்குவது பற்றியே அல்ல. காலையில் கூட்டிப் போக யார், மைதானத்தில் உட்கார்ந்து பார்க்க யார், டாக்டரிடம் கேள்வி கேட்க யார், வெளியூர்ப் போட்டிக்குக் கூடப் போக யார் என்று பெயர் பெயராக ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வந்தால், தொடங்குவதற்கு முன்னால் இன்னும் ஓர் ஆளையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாகிஸ்தானின் ஈட்டி வீரர் அர்ஷத் நதீம் மியான் சன்னு பக்கத்துக் கிராமத்துக் கட்டடத் தொழிலாளியின் மகன். ஊர்க்காரர்களும் உறவினர்களும் காசு சேர்த்துக் கொடுத்துத்தான் ஆரம்பத்தில் வெளியூர்ப் போட்டிகளுக்குப் போனான் என்று அவர் அப்பாவே சொன்னார். எனக்கு அது தெரிய வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

2022 தொடக்கத்தில் வீட்டுக்கு அருகே ஒரு பள்ளி மைதானத்தில் மகனைச் சேர்த்தேன். அங்கே ஈட்டியை பாலா என்பார்கள். முதல் எட்டு மாதம் மூங்கில் ஈட்டி இரண்டு, சேர்த்து 900 ரூபாய். உண்மையைச் சொன்னால் அதுதான் நல்ல காலம். ஓட்டம், தாவல், பந்து எறிதல் எல்லாம் கலந்து நடக்கும். வியர்த்துக் களைத்து வந்து நான்கு சப்பாத்தி சாப்பிடுவான். உத்தரப் பிரதேசத்துக் கிராமத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த ஈட்டி வீராங்கனை அன்னு ராணி சின்ன வயதில் கரும்பை எறிந்துதான் பழகினார் என்று அங்கே ஒரு பெண் சொன்னாள். அன்றிலிருந்து இவன் கரும்புக் கட்டைப் பார்த்தாலே ஒன்றை உருவி எறிந்து பார்ப்பான். அடுத்து மீரட்டிலிருந்து வரவழைத்த 700 கிராம் அலுமினிய ஈட்டி, 5,800 ரூபாய். மீரட் விளையாட்டுச் சாமான்களுக்குப் பெயர் போன ஊர், அங்கே நேரில் போய் வாங்கினால் விலை படியும். அதோடு குதிகாலிலும் முள் இருக்கிற ஈட்டி ஷூ, 9,500. ஷூவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கடைசி அடியில் முன்காலைத் தூணைப் போல ஊன்றி நிற்க வேண்டும். சாதாரண ஓட்ட ஷூ அங்கே வழுக்கிவிட்டால் கணுக்கால் போச்சு.

இத்தோடு நின்றிருக்கலாம். மகனுக்குப் பதிமூன்று முடியும் சமயம் ஒருவர் வந்து, வெளிநாட்டு ஈட்டி ஒன்று செகண்ட் ஹேண்டில் இருக்கிறது, நீரஜ் எறிகிற ரகம், இதில் எறிந்தால் பத்து மீட்டர் கூடும் என்றார். 58,000 ரூபாய். அது ஆண்களுக்கான 800 கிராம் ஈட்டி, 80 மீட்டர் எறிபவர்களுக்கென்று செய்தது. எனக்கு இரண்டும் தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள்: பெரிய ஆண்களுக்கு 800 கிராம், நீளம் 2.60 முதல் 2.70 மீட்டர். பதினெட்டு வயதுக்குட்பட்ட பையன்களுக்கு 700 கிராம். பெரிய பெண்களுக்கு 600, பதினெட்டுக்குட்பட்ட பெண் பிள்ளைகளுக்கு 500. எடையைத் தவிர ஈட்டியின் மேல் 50, 60, 70, 80 என்று ஓர் எண்ணும் இருக்கும். இத்தனை மீட்டர் எறிபவருக்கு ஏற்றது என்று பொருள். எண் கூடக் கூட ஈட்டி விறைப்பாக இருக்கும், வளைந்து கொடுக்காது. முனையும் வாலும் ஒரே கோட்டில் போகும்படி எறியத் தெரிந்தவர் கையில் அது பறக்கும். 38 மீட்டர் எறிகிற பிள்ளை கையில் அது வாலை ஆட்டிக்கொண்டு சீக்கிரமே விழும், அந்த அதிர்வு முழுக்க முழங்கைக்குப் போகும். பிள்ளை எறிகிற தூரத்துக்குப் பக்கத்திலுள்ள எண்ணையே வாங்குங்கள். அந்த 58,000 ரூபாய் ஈட்டியைப் பிறகு 30,000க்குக்கூட யாரும் கேட்கவில்லை.

இன்னொரு விஷயம், கேட்க அற்பமாகத் தெரியும். எட்டரை அடி நீளச் சாமானை எப்படி எடுத்துப் போவது? பேருந்தில் ஏற்ற மாட்டேன் என்பார்கள், ஆட்டோவில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ரயிலில் படியிலேயே தகராறு. நாலு அங்குல பிவிசி குழாயை ஒன்பது அடிக்கு வெட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, முனையைத் துணியால் சுற்றி உள்ளே வைத்து, குழாயின் நடுவில் தோளில் மாட்ட பழைய பையின் பட்டையைக் கட்டினோம். வெளியூருக்கு ரயிலில் போகும்போது வண்டி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் நின்று, குழாயைக் கீழ்ப் பெர்த்துக்கு அடியில் நீளவாக்கில் தள்ளிவிடுவோம். கூர்முனை வெளியே தெரியாதவரை பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

2023 ஆகஸ்டில் புடாபெஸ்டில் நீரஜ் 88.17 மீட்டர் எறிந்து உலகச் சாம்பியன் ஆனார். மறு மாதமே ஒரு தனியார் பயிற்சி மையம் எங்களைத் தேடி வந்தது. வருடம் 90,000, முழுத் தொகையும் முன்பணம், மாநிலத் தேர்வு நிச்சயம் என்றார்கள். என் வளையலை அடகு வைத்துக் கட்டினேன். மூன்றாவது மாதத்தில் ஈட்டி தெரிந்த பயிற்சியாளர் போய்விட்டார். அவருக்குப் பதில் வந்தவர் ஓட்டக்காரர்களைப் பார்ப்பவர். பணத்தைக் கேட்டேன். ரசீதில் "திருப்பித் தரப்பட மாட்டாது" என்ற வரியைக் காட்டினார்கள். அன்று வீட்டுக்கு நடந்தே வந்தேன், வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்து சொல்லக்கூட வாய் வரவில்லை. மாதா மாதம் கட்டுவதற்குச் சம்மதிக்காத இடத்தில் சேர்க்காதீர்கள். சேரும் முன் ஒரு வாரம் வெறுமனே போய் உட்கார்ந்து, ஈட்டியை யார் சொல்லித் தருகிறார், பிள்ளைகள் வாரத்தில் எத்தனை நாள் எறிகிறார்கள் என்று பாருங்கள். "தேர்வு நிச்சயம்" என்ற சொல் காதில் விழுந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அதே இடத்தில் உடம்பு ஏற ஒரு பவுடரும் விற்றார்கள், 14,000 ரூபாய்க்கு மூன்று டப்பா. ஊக்க மருந்துச் சோதனையில் ஏதாவது வந்தால் "எனக்குத் தெரியாது" என்பது பதில் ஆகாது, உடம்பில் இருந்ததற்கு அந்த வீரரே பொறுப்பு. பதினாலு வயதுப் பிள்ளைக்குப் பாலும் முட்டையும் கடலையும் போதும். டப்பாக்கள் இரண்டைத் திறக்காமலே குப்பையில் போட்டேன்.

பயிற்சியாளர் இல்லாத மாதங்களில்தான் பெரிய தப்பு நடந்தது. மகன் மொட்டைமாடியில் ஃபோனை வைத்து நீரஜின் எறிதலை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பான், பிறகு மைதானத்துக்குப் போய் அந்த 800 கிராம் ஈட்டியால் எறிவான். ஒரு மாலையில் எண்பது, நூறு தடவை முழு வேகத்தில். நான் ஓரமாக உட்கார்ந்து பெருமையாக எண்ணிக்கொண்டிருந்தேன். நிறுத்த வேண்டிய நானே எண்ணினேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. உலகத் தரத்தில் எறிபவர்கள்கூட முழு வேக எறிதலை அளந்து அளந்துதான் செய்கிறார்கள். நாளின் பெரும்பகுதி ஓட்டம், இடுப்புக்கும் தோளுக்கும் பலம், கனப்பந்து, நின்ற இடத்திலிருந்து மெல்ல எறிவது, முன்காலை ஊன்றப் பழகுவது. தூரம் காலிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து தோளுக்கும் ஏறி, கடைசியில்தான் கைக்கு வருகிறது. காலும் இடுப்பும் செய்யாத வேலையைக் கை செய்யப் பார்த்தால் முழங்கை கெடும். இதை எனக்குச் சொன்னவர் ஒரு பிசியோதெரபிஸ்ட், எல்லாம் ஆன பிறகு.

2024 ஜூலையிலேயே வலி இருந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. இட்லிக்கு மாவு கரைத்து வைக்கச் சொன்னால் இடது கையால் கரைப்பான், நான் கவனிக்கவில்லை. ஆகஸ்ட் 8 இரவு பாரிஸ் இறுதிப் போட்டி. அர்ஷத் நதீம் 92.97, நீரஜ் 89.45 எறிந்து வெள்ளி. இடுப்பு மடிப்பில் காயத்தோடு எறிந்தார் நீரஜ். அதைக் கேட்டு என் மகன் எடுத்துக்கொண்ட பாடம், வலித்தாலும் எறிய வேண்டும் என்பது. இருபத்தாறு வயது வீரர், கூடவே டாக்டரும் பிசியோவும் இருக்க, இத்தனை தூரம் போகலாம் என்று கணக்குப் பார்த்து எறிவது வேறு. பதினாலு வயதுப் பிள்ளை மாத்திரை போட்டுக்கொண்டு எறிவது வேறு. இதை நாம்தான் உட்கார்ந்து சொல்ல வேண்டும். நவம்பரில் ஒரு போட்டியில் மூன்றாவது எறிதலில் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "அம்மா, உள்ளே ஏதோ டக்குனு விட்டுப்போச்சு" என்றான்.

முதலில் பார்த்த டாக்டர் வலது கையை மட்டும் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, தசைப்பிடிப்பு என்று வலி ஊசி போட்டார். அடுத்து, எலும்பு வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம் எண்ணெய் போட்டு நீவினோம். அவன் கத்திய கத்தலை மறக்க முடியாது. மூன்று வாரம் இப்படியே போனது. அப்புறம் டெல்லியில் விளையாட்டுக் காயம் பார்க்கிற ஒருவரிடம் போனோம். அவர் இரண்டு முழங்கைகளையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் ஓரங்களில் வளர்ச்சித் தகடு இருக்கும், எக்ஸ்ரேயில் அது இடைவெளியாகத் தெரியும். நல்ல கையோடு ஒப்பிட்டால்தான் இடைவெளி கூடியிருப்பது தெரியும். முழங்கையின் உட்பக்க மேட்டில் அந்தத் தகடு லேசாக விலகியிருந்தது. ஆபரேஷன் வேண்டாம், ஆனால் கையைக் கட்டிவைத்து ஓய்வு, பிறகு மாதக்கணக்கில் பயிற்சி, அதுவரை கல்லைக்கூட எறியக் கூடாது என்றார். "முதல் நாள் வலித்தபோதே நிறுத்தியிருந்தால் ஒன்றரை மாத ஓய்வோடு போயிருக்கும்மா" என்றார். ஸ்கேன், மருந்து, பிசியோ, டெல்லிப் பயணம் எல்லாம் சேர்த்து 46,000. எறிகிற பிள்ளைக்கு முழங்கையின் உட்பக்கம் தொட்டால் வலிக்கிறது என்றால் அன்றே எறிவதை நிறுத்துங்கள். இரண்டு கையையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நீவ விடாதீர்கள்.

அந்த மாதங்களில் அவன் பேச்சே குறைந்துவிட்டது. ஈட்டிக் குழாயைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். நான்தான் நீரஜின் கதையில் யாரும் அதிகம் சொல்லாத பகுதியைத் தேடிப் படித்துச் சொன்னேன். 2016இல் போலந்தில் 86.48 மீட்டர் எறிந்து இருபது வயதுக்குட்பட்டோர் உலக சாதனை செய்தார். ஆனால் ரியோ ஒலிம்பிக் தகுதிக்கான கடைசி நாள் அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பே, ஜூலை 11 அன்றே முடிந்துவிட்டது. ரியோவுக்குப் போக முடியவில்லை. 2019 மே மாதம் அவருக்கும் வலது முழங்கைதான், மும்பையில் ஆபரேஷன். அந்த வருட தோஹா உலகச் சாம்பியன்ஷிப்புக்குப் போகவில்லை. அவசரப்பட்டுத் திரும்பாமல், 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் பாட்செஃப்ஸ்ட்ரூமில் எறிந்தபோது முதல் போட்டியிலேயே 87.86, டோக்கியோவுக்குத் தகுதி. மகன் ரொம்ப நேரம் கழித்து, "அந்த எட்டு மாசமும் அவரு என்னம்மா பண்ணியிருப்பாரு?" என்று கேட்டான். காலுக்கும் இடுப்புக்கும் பயிற்சி செய்திருப்பார் கண்ணு என்றேன். மறுநாள் காலை எழுந்து, கையைக் கட்டியபடியே படிக்கட்டு ஏறி இறங்க ஆரம்பித்தான். நான் கீழ்ப்படியில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களைப் போல வெளி மாநிலத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. பிள்ளை எந்த மாநிலத்துக்காக ஆடப் போகிறான் என்பதைப் பதிவு செய்யும் முன்பே முடிவு செய்யுங்கள். பிறகு மாற வேண்டுமென்றால் தடையில்லாச் சான்று கேட்டு அலைய வேண்டிவரும். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், ஆதார் மூன்றிலும் பெயரும் தேதியும் ஓர் எழுத்துக்கூட மாறக் கூடாது. எங்களுக்கு முன்னெழுத்து ஓரிடத்தில் முன்னாலும் ஓரிடத்தில் பின்னாலும் இருந்ததற்கே நாலு நாள் போனது.

2025 செப்டம்பரில், பத்து மாதம் கழித்து, டாக்டர் எறிய அனுமதி கொடுத்தார். முதலில் டென்னிஸ் பந்து, பிறகு 400 கிராம் பந்து, நின்ற இடத்திலிருந்து மட்டும். அதே மாதம் 18ஆம் தேதி டோக்கியோவில் உலகச் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி. முதுகு வலியோடு எறிந்த நீரஜ் 84.03 மீட்டரோடு எட்டாவது இடத்தில் நின்றுவிட்டார். பக்கத்து உத்தரப் பிரதேசத்துக் கேக்ரா ஊர் விவசாயி மகன் சச்சின் யாதவ் 86.27 எறிந்து நாலாவது. நீரஜ் வெளியேறியதும் மகன் அழுவான் என்று பயந்தேன். அழவில்லை. சச்சினின் முன்கால் ஊன்றுவதை மறுபடி போடச் சொல்லி மூன்று தடவை பார்த்தான். பாகற்காயும் ரசமும் சாப்பிட்டுவிட்டு, சுவரில் ஒட்டியிருக்கிற தாளில் அன்றைய கணக்கை எழுதினான். டாக்டர் சொன்னது ஒரு நாளைக்கு 25 எறிதல். அன்று 24 எழுதியிருந்தான். "ஒண்ணு பாக்கி இருக்கேடா" என்றேன். "கடைசி நாலஞ்சுல லேசா இழுத்துச்சும்மா, நிறுத்திட்டேன்" என்றான்.